இளம் மார்மன் மிஷனரிகள்: பக்தி எது, பதற்ற நோய் எது?

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டு இரண்டு பேராக நடந்து வரும் பையன்களை அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள். கதவைத் தட்டுவார்கள், நாம் "வேண்டாம், தேங்க்ஸ்" என்று சொல்லி மூடிவிடுவோம், அவ்வளவுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள பழக்கம். நான் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். இப்படி வீடு வீடாகப் போய்த் தங்கள் மதத்தைச் சொல்லும் ஊழியத்துக்குப் போகத் தயாராகிறவர்கள், போய்வந்தவர்கள், பாதியிலேயே திரும்பியவர்கள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள் என்று என்னிடம் வருகிறவர்களில் கணிசமான பேர் இந்த மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். நான் அந்தச் சபை இல்லை. ஆனாலும் இத்தனை காலம் இவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகு இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது: இந்தப் பிள்ளைகளில் சிலரிடம் ஆழ்ந்த பக்தி போலத் தெரிவது உண்மையில் ஒரு நோய். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அது தெரியாமல்தான் அவர்கள் மாதக்கணக்கில் தனியாகக் கிடந்து வதைபடுகிறார்கள்.

ஜோசப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரில்தான் அழைக்கச் சொல்கிறார்கள். பலருக்கும் பழகிய பெயர் என்பதால் தலைப்பில் மார்மன் என்று போட்டேன். ஆண்பிள்ளைகள் 24 மாதம், பெண்பிள்ளைகள் 18 மாதம் ஊழியம் செய்யப் போகிறார்கள். முன்பு பையன்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும்தான் போகமுடியும். 2012 அக்டோபர் பொது மாநாட்டில் அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் அதை 18, 19 என்று குறைத்தார், 2025 இறுதியில் பெண்களுக்கும் 18 ஆகிவிட்டது. சம்பளம் கிடையாது, சொந்தச் செலவுதான்: 2020 ஜூலையிலிருந்து அமெரிக்கக் குடும்பங்கள் ஒரு பிள்ளைக்கு மாதம் 500 டாலர் கட்டுகின்றன. எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சபைதான் சொல்லும். பள்ளிப்படிப்பு முடிந்த சில மாதங்களில், அதுவரை அம்மா துவைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை, ப்ரோவோ நகரத்துப் பயிற்சி மையத்தில் சில வாரம் தங்கி ஒரு புது மொழியைக் கற்றுக்கொண்டு, பெயரே கேள்விப்படாத ஊரில் போய் இறங்குகிறது.

அங்கே நாள் எப்படி நகரும் தெரியுமா? வழக்கமாகக் காலை ஆறரைக்கு எழவேண்டும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, வேத வாசிப்பு, துணை மிஷனரியோடு சேர்ந்து படிப்பு, மொழிப் பயிற்சி, அப்புறம் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது வரை வேலை, பத்தரைக்கு விளக்கை அணைக்கவேண்டும். 2017-ல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள் என்றாலும் அடிப்படை அதேதான். இரண்டு வருடமும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எல்டர் இன்னார், சிஸ்டர் இன்னார் என்று. தனியாக இருக்கவே கூடாது, துணைக்கு நியமிக்கப்பட்டவர் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருப்பார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமோ துணையோ மாறலாம். வாரத்தில் ஒருநாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டோடு பேச. 2019 பிப்ரவரிக்கு முன்னால் அந்த வாராந்தரப் பேச்சும் இல்லை, மின்னஞ்சல்தான், வருடத்தில் இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும், போன். ஊழியத்தில் இருந்தபோது அழுவதற்கு இடமே இல்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன் என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்ல.

இதைப் படித்துவிட்டு "பாவம், கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வாழ்க்கையில் மறக்கமுடியாத நல்ல காலம், அதை அவர்கள் சொல்லும்போது முகமே மாறும். ஒரு பெண் ஊழியத்தில் இருந்த ஊரில், தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டியின் தோட்டத்தில் களை பிடுங்கிக் கொடுப்பாளாம். அந்த அம்மா கடைசிவரை சபைக்கு வரவில்லை, ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் ஒருநாள் அவரோடு மண்டியிட்டு ஜெபம் செய்தபோது வந்த அமைதி, தேவன் இந்த மனுஷியை அறிந்திருக்கிறார் என்று அடிவயிற்றில் தோன்றிய நிச்சயம், அதை வைத்துத்தான் இன்றும் தன் விசுவாசம் நிற்கிறது என்றாள். அதைக் கேட்டு எனக்கும் நெஞ்சு நிறைந்தது. நான் பேசப்போகும் நோய் வேறு, இது வேறு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்த நோய். ஆங்கிலத்தில் ஸ்க்ரூபுலாசிட்டி என்பார்கள். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகை, பாவம், பரிசுத்தம், நேர்மை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது. ஓசிடி என்றதும் கை கழுவிக்கொண்டே இருப்பதும் கேஸை மூடினோமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே கழுவப்படுவது மனச்சாட்சி. கீழே வரும் பையன் எந்தத் தனி ஆளும் இல்லை, பலரிடம் கேட்டதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.

அவன் காலையில் மண்டியிடுகிறான். ஜெபத்தின் நடுவில் மனம் ஒரு நொடி வேறெங்கோ போகிறது. இது உண்மையான ஜெபம் இல்லை என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். ஒரு சொல்லை மனதாரச் சொல்லவில்லையோ என்று மறுபடியும். துணைவன் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான், கிளம்பவேண்டிய நேரம் தாண்டிவிட்டது, நேரம் தாண்டியதே ஒரு கீழ்ப்படியாமை, அதற்கும் மன்னிப்புக் கேட்கவேண்டும். வசனம் படிக்கும்போது கவனம் சிதறினால் அந்த வரியைத் திரும்பப் படிக்கிறான், ஒரே பக்கத்தில் முக்கால் மணி நேரம் போகிறது. எத்தனை பேருக்குப் போதித்தோம் என்ற வாரக் கணக்கைக் கொடுக்கும்போது, வாசலில் நின்று ரெண்டு நிமிடம் பேசியதைப் போதனை என்று எழுதினால் பொய்யாகுமோ என்று உடல் நடுங்குகிறது. இரவில், அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பான ஊழியத் தலைவருக்குப் போன் போட்டு, பதினாலு வயதில் செய்த, ஏற்கனவே ஊர்ச் சபையை நடத்தும் பிஷப்பிடம் அறிக்கையிட்டு முடிந்துபோன ஒரு விஷயத்தில் ஒரு விவரம் விட்டுப்போனது என்கிறான். அவர் அன்பாக "அது முடிந்துவிட்டது மகனே" என்கிறார். அன்று இரவு நிம்மதி. மறுநாள் பத்து மணிக்குள் இன்னொரு விவரம் ஞாபகத்துக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துத் தட்டு வரும்போது, நான் தகுதியானவன் இல்லை என்று தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறான்.

வெளியிலிருந்து பார்த்தால் இவன்தான் ஊரிலேயே ஒழுங்கான மிஷனரி. பாராட்டுகூடக் கிடைக்கும்! அதனால்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலமாகிறது.

இந்தச் சபையில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை மரியாதையோடுதான் சொல்கிறேன். பரிசுத்த ஆவியானவர் உள்ளுணர்வின் மூலம் பேசுவார் என்பது அவர்களுடைய அன்றாட நம்பிக்கை. எந்தத் தெருவுக்குப் போவது, யாரிடம் பேசுவது என்பதைக்கூட அப்படிக் கேட்டு நடக்கிறார்கள். நல்ல மனநிலையில் இருப்பவனுக்கு இது துணை. ஆனால் நெஞ்சில் எந்நேரமும் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, பதற்றம் எது, ஆவியானவரின் எச்சரிப்பு எது என்று எப்படித் தெரியும்? இரண்டும் நெஞ்சில்தானே வருகிறது. அவர்களுடைய வேதத்திலேயே பதில் இருக்கிறது, அதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். எலியாவிடம் கர்த்தர் பேசியது "அமர்ந்த மெல்லிய சத்தம்" என்று முதலாம் இராஜாக்கள் சொல்கிறது; ஆவியின் கனி அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. "உன்னைத் தினமும் இருபது தடவை கழுத்தைப் பிடிக்கிற குரலில் இதில் எது இருக்கிறது, தம்பி?" என்று கேட்டால் பல பிள்ளைகள் வெகுநேரம் பேசாமல் இருப்பார்கள்.

உண்மையான குற்ற உணர்வுக்கு ஒரு முடிவு உண்டு. தப்புச் செய்தேன், ஒத்துக்கொண்டேன், சரிசெய்தேன், மனம் லேசாயிற்று. நோயின் குற்ற உணர்வு எவ்வளவு ஒத்துக்கொண்டாலும் அடங்காது, ஒவ்வொரு ஆறுதலும் அதற்குத் தீனி. இது இந்தச் சபைக்கு மட்டும் உரியதும் இல்லை, புதிதும் இல்லை. கத்தோலிக்கத் துறவிகளின் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 1522-ல் மான்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போனவர். பின்னாளில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் இளம் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தன் குருவையே களைக்கவைத்தவர். பெற்றோரிடம் இந்த இரண்டு பேரையும் சொன்னால், தங்கள் பிள்ளை கெட்டுப்போகவில்லை, விசுவாசம் குறைந்துவிடவில்லை என்பது கொஞ்சம் உறைக்கிறது.

நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேருக்கு வாழ்நாளில் ஓசிடி வருகிறது, பெரும்பாலும் 25 வயதுக்குள். ஊழிய வயதும் அதேதான். ஊழியம் நோயைத் தருகிறது என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே இருந்த பொறி, தூக்கக் குறைவும் தனிமையும் கறாரான விதிகளும் சேரும்போது எரியத் தொடங்குகிறது.

சிகிச்சை என்றால் என்ன செய்வீர்கள், பிள்ளையின் விசுவாசத்தைக் கலைப்பீர்களா என்றுதான் அப்பாக்கள் முதலில் கேட்பார்கள். இல்லை. இஆர்பி என்று ஒரு முறை: பயத்தை வரவிட்டு, அதற்கு வழக்கமாகச் செய்யும் பரிகாரத்தைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. ஒரே ஒரு ஜெபம், மனம் அலைந்தாலும் அலையட்டும், ஆமென் சொல்லி எழுந்துவிடவேண்டும். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். தினமும் இதைச் செய்யச் செய்ய மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது. பிஷப்பையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே பிஷப் என்பவர் சம்பளம் வாங்கும் போதகர் இல்லை, பகலில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருக்கும் பக்கத்துத் தெருக்காரர். மனநோயைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள், ஆனால் சொன்னால் அருமையாகப் புரிந்துகொள்வார்கள். பழைய பாவத்தை மறுபடி கொண்டுவந்தால் "இதைப் பற்றி நாம் இனி பேசுவதில்லை என்று முடிவு செய்தோமே" என்று மட்டும் சொல்லுங்கள், ஆறுதல் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை கொடுப்பார். ஓசிடிக்கு அது முழுதாக வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகும், ரெண்டு வாரத்தில் பலன் இல்லை என்று நிறுத்திவிடக்கூடாது.

எனக்கு மிகவும் மனம் கனக்கும் இடம், பாதியில் திரும்பி வருவது. இரண்டு வருடம் முடித்து வரும் பிள்ளையை வரவேற்க சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை பலூனும் பதாகையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஐந்தாவது மாதத்தில் வருகிறவனுக்கு அம்மா அப்பா மட்டும், பல சமயம் இரவு விமானம். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் ஒரு பையனைச் சந்தித்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எங்கே ஊழியம் செய்தாய் என்பது. உட்டா வேலி பல்கலைக்கழகத்தின் கிரிஸ் டோட்டி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி முன்கூட்டித் திரும்பியவர்களில் 73 சதவீதம் பேர் தோற்றுப்போனதாக உணர்ந்திருக்கிறார்கள். காய்ச்சலும் உடைந்த காலும் ஊருக்குப் புரிகிறது, இது புரிவதில்லை. நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்கிறேன், பக்கத்து வீட்டுப் பையன் திடீரென்று திரும்பி வந்து நின்றால், உரிமையோடு "என்னப்பா, ரெண்டு வருஷம்னு சொன்னியே, ஏன் சீக்கிரம் வந்துட்ட?" என்று கேட்டுவிடாதீர்கள். பார்த்ததில் சந்தோஷம், வீட்டுக்கு வா என்று கூப்பிடுங்கள், அது போதும்.

சபைத் தலைமையும் இதில் மாறித்தான் வருகிறது. சபையை நடத்தும் பன்னிரு அப்போஸ்தலர்களில் அப்போது ஒருவராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட் 2013 அக்டோபர் மாநாட்டில் மனச்சோர்வு நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, தானும் ஒரு காலத்தில் அதில் சிக்கியதைச் சொன்னார், மருத்துவரிடம் போங்கள் என்றார். மிஷனரிகளின் மன அழுத்தத்துக்கென்றே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிலைகளைப் பிரித்துச் சொல்லும் ஒரு கையேட்டையும் சபையே கொடுக்கிறது. திரும்பி வந்தவர்கள் வீட்டில் இருந்தபடியே உணவு வங்கியிலோ வேறு சேவை நிறுவனத்திலோ சேவை ஊழியமாக மிச்சக் காலத்தை முடிக்கலாம். சிகிச்சை முடிந்து மறுபடி வெளியூர் போனவர்களும் உண்டு, போகாமல் கல்லூரியில் சேர்ந்து நன்றாக இருப்பவர்களும் உண்டு.

பிள்ளையை அனுப்பப்போகும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: விண்ணப்பத்தில் மனநலக் கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மருந்து எடுத்துக்கொண்டே ஊழியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். "இனி தேவன் பார்த்துக்கொள்வார்" என்று கிளம்புமுன் மாத்திரையை நிறுத்தியவர்களைத்தான் நான் மோசமான நிலையில் பார்க்கிறேன், அப்படி நிறுத்தவே கூடாது. வாராந்தர வீடியோ அழைப்பில் எத்தனை பேருக்குப் போதித்தாய் என்று கேட்பதை விட்டு, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, ஜெபம் செய்ய எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள். "நான் தகுதியில்லை" என்ற சொல் ஒவ்வொரு வாரமும் வந்தால், எடை குறைந்துகொண்டே போனால், பழைய தப்புகளை உங்களிடமும் திரும்பத் திரும்பச் சொன்னால், ஊழியத் தலைவரிடம் நேரடியாகப் பேசுங்கள். மனநல ஆலோசகர்களின் உதவியைக் கேட்டுப்பெற அவர்களுக்கு வழி இருக்கிறது. சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது, அமெரிக்காவுக்குள் என்றால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்நேரமும் ஆள் கிடைப்பார்கள், வெளிநாடு என்றால் உடனே தலைவரை எழுப்புங்கள், நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. அவருடைய எண் பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் போனில் இருக்கவேண்டும்.