கிறிஸ்துமஸ்: ஒரு சொல்லும் இரண்டு விழாக்களும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் டிசம்பர் மாத வாழ்த்து அட்டை மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. ஆங்கில அட்டையில் ‘சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்’ என்ற இரண்டே சொற்கள். படத்தில் பனி படிந்த ஒரு மரம், அதன் உச்சியில் ஒரு விண்மீன். “மதம் எதுவும் வரக்கூடாது, எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்” என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை.

‘பருவகால வாழ்த்துகள்’ என்று எழுதிப் பார்த்தேன். பருவமழையும் பருவக் காய்ச்சலும்தான் நினைவுக்கு வந்தன. ‘இனிய விடுமுறை வாழ்த்துகள்’ என்றால் பள்ளிக்கூடம் விட்டதுபோல் இருந்தது. ‘விழாக்கால வாழ்த்துகள்’ ஓரளவு பொருந்தியது. ஆனால் எந்த விழா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தள்ளுபடி விற்பனையின் வாடை வேறு. ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போன ஒரு பொதுமை தமிழில் கால் தடுக்கி நின்றது. மரத்து உச்சியில் இருந்த விண்மீனோ, தான் இயேசு பிறந்த பெத்லகேமின் கதையிலிருந்து வந்தது என்பதை மறைக்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் சமய விழாவா, எல்லாருக்கும் உரிய பொதுவிழாவா என்ற வழக்கு ஆண்டுதோறும் டிசம்பரில் எங்காவது எழுகிறது. அந்த வழக்கில் முதல் சாட்சியாகச் சொல்லையே கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்துமஸ் ஒரு கூட்டுச்சொல். பழைய ஆங்கிலத்தில் ‘கிறிஸ்தெஸ் மெஸ்ஸெ’ என்று 11ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. முன்பாதியில் உள்ள ‘கிறிஸ்து’ ஆளின் பெயர் அன்று, பட்டம். எபிரேய மொழியில் ‘மாஷியாக்’, அதாவது மெசியா. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது ‘கிறிஸ்தோஸ்’. இரண்டுக்கும் பொருள் எண்ணெய் பூசப்பட்டவர் என்பதே. இஸ்ரயேலில் ஒருவரை அரசராகவோ குருவாகவோ ஏற்படுத்தும்போது தலையில் எண்ணெய் வார்த்தார்கள். தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பில் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’ என்றும், பிற்காலப் பெயர்ப்பில் ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்றும் படிக்கிறோம். வார்ப்பதும் பொழிவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் இரண்டும் நல்ல பெயர்ப்புகள்.

பின்பாதியான ‘மஸ்’ இன்னும் சுவையானது. இலத்தீன் ‘மிஸ்ஸா’ என்பதன் தேய்வு அது. ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல். இலத்தீன் வழிபாட்டின் முடிவில் குரு மக்களைப் பார்த்து ‘இத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்பார். போய் வாருங்கள், விடைகொடுத்தாயிற்று என்பதுபோன்ற பொருள். அந்தக் கடைசி வாக்கியத்தின் சொல்லே முழு வழிபாட்டுக்கும் பெயராகிவிட்டது. கத்தோலிக்கத் தமிழர் முன்பு அதைப் ‘பூசை’ என்றார்கள், இப்போது ‘திருப்பலி’ என்கிறார்கள். ஆக, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிறிஸ்துமஸ் என்பது ‘கிறிஸ்து திருப்பலி’. விருந்து, மரம், பரிசு, விடுமுறை எதுவும் அந்தப் பெயரில் இல்லை. அது ஒரு வழிபாட்டின் பெயர்.

இதே வாலுடன் வேறு சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. செப்டம்பர் 29 மிக்கேல் அதிதூதர் நாள், ‘மிக்கேல்மஸ்’. பிப்ரவரி 2 மெழுகுவத்திகளை மந்திரிக்கும் நாள், ‘கேண்டில்மஸ்’. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்வியாண்டின் முதல் பருவத்துக்கு இன்றும் மிக்கேல்மஸ் என்றே பெயர். தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு அதில் அதிதூதர் யாரும் தெரியமாட்டார். ஒரு சொல் தன் பொருளைக் கரைத்துவிட்டு வெறும் ஓசையாக வாழ முடியும் என்பதற்கு இது சான்று. கிறிஸ்துமஸுக்கும் இதுவே நேரட்டும் என்பார் உண்டு. நேர்ந்துவிட்டதே என்று வருந்துவாரும் உண்டு.

இந்தச் சண்டை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் இடையில் மட்டும் நடப்பதாக நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை 1647இல் ஒழித்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். பைபிளைக் கையில் ஏந்தி, திருச்சபையைத் தூய்மையாக்கப் புறப்பட்ட பியூரிட்டன்கள் செல்வாக்குப் பெற்றிருந்த நாடாளுமன்றம். கடல் கடந்து அமெரிக்காவில் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் போட்ட சட்டப்படி, அன்று வேலையை விட்டாலோ விருந்துண்டு கொண்டாடினாலோ 5 ஷில்லிங் அபராதம். 1681இல்தான் அது நீங்கியது. அவர்கள் சொன்ன காரணங்களில் சொல்லும் ஒன்று. வேதத்தில் இந்த விழாவைக் கொண்டாடச் சொல்லவில்லை, போதாக்குறைக்குப் பெயரிலேயே ‘மாஸ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது ரோமன் கத்தோலிக்க வழிபாடு என்று வெறுத்தார்கள். ‘கிறிஸ்து பருவம்’ என்று பொருள்படும் ‘கிறிஸ்டைட்’ என்ற சொல்லை மாற்றாகவும் வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. சொல்லை மாற்றி விழாவைத் திருத்தும் முயற்சி நம் காலத்தில் பிறந்தது அன்று.

‘எக்ஸ்மஸ்’ பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துவை அழித்துவிட்டு அந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள் என்று மனம் நொந்து பேசும் பலரைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வருத்தம் உண்மையானது, ஆனால் காரணம் தவறு. அது ஆங்கில எக்ஸ் அன்று; அதே வடிவமுள்ள கிரேக்க எழுத்தான ‘கி’. கிறிஸ்தோஸ் என்பதன் முதல் எழுத்து அதுதான். பழைய கிரேக்க விவிலியப் படிகளை எழுதியவர்கள் இறைவனின் பெயர்களைச் சுருக்கி, மேலே ஒரு கோடு இழுத்து எழுதினார்கள். பெயரின் மேல் இருந்த பக்தியால் வந்த சுருக்கம் அது.

பிற மொழிகளுக்குப் போனால் கதை மாறுகிறது. ஜெர்மனில் ‘வைநாக்டன்’, புனித இரவுகள். ஸ்கண்டிநேவிய மொழிகளில் ‘யூல்’. கிறித்தவம் வருமுன்பே அங்கு இருந்த நடுக்குளிர்கால விழாவின் பெயர், பெயர் மாறாமலே புதிய விழாவுக்கு வந்து சேர்ந்தது. ஸ்பானியத்தில் ‘நவிதாத்’, இத்தாலியத்தில் ‘நத்தாலே’, போர்ச்சுக்கீசியத்தில் ‘நத்தால்’. மூன்றும் பிறப்பு என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. அந்த நத்தால் தமிழுக்குள்ளும் வந்து தமிழாகவே ஆகியிருக்கிறது. இலங்கைத் தமிழர் சொல்லும் ‘நத்தார்’ அதுதான். லகரம் ரகரமாகி, ஏதோ ஒருவரை மரியாதையாகச் சொல்வதுபோன்ற ‘ஆர்’ ஈற்றோடு நிற்கிறது. கிறிஸ்துமஸ் என்ற ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ் நாவுக்கு இணங்கிய சொல் நத்தார் என்பேன். அதில் கிறிஸ்து என்ற பெயர் இல்லை, பிறப்பு இருக்கிறது.

பிறப்பு என்றதும் ஒரு திருத்தம். ‘இயேசுவின் பிறந்தநாள்’ என்று பலர் எழுதுகிறார்கள். பிறப்பைச் சொல்லும் மத்தேயு, லூக்கா நற்செய்திகள் இரண்டிலும் நாளோ மாதமோ கிடையாது. டிசம்பர் 25 இந்த விழாவுக்குரிய நாளாக இருந்ததற்கு நம்மிடம் உள்ள பழைய சான்று, ரோமில் 354இல் தொகுத்த ஒரு காலக்குறிப்பேடு. ஞாயிற்றுக் கடவுளின் விழாவிலிருந்து இந்த நாள் வந்தது என்பார் ஒரு சாரார். மார்ச் 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பார் மற்றொரு சாரார். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் திருச்சபைகளின் டிசம்பர் 25, நம் நாட்காட்டியில் ஜனவரி 7இல் விழுகிறது. எனவே ‘பிறந்தநாள்’ என்பது அளவுக்கு மீறி உறுதி சொல்லும் சொல். ‘பிறப்பு விழா’ என்றால் பிறப்பைக் கொண்டாடுகிறோம் என்று மட்டுமே பொருள். நாளைப் பற்றி அது எதுவும் சாதிக்கவில்லை. தமிழ்த் திருச்சபைகள் ‘கிறிஸ்து பிறப்புப் பெருவிழா’ என்று வைத்திருப்பது வரலாற்றுக்கும் நம்பிக்கைக்கும் ஒருசேர நேர்மையான பெயர்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்துமஸ், கிறிஸ்மஸ், கிறித்துமசு என மூன்றும் வழங்குகின்றன. ஆங்கிலேயர் உச்சரிப்பில் நடுவிலுள்ள தகரம் எப்போதோ விழுந்துவிட்டது. அவர்கள் காதில் ‘கிறிஸ்’ மட்டும்தான் விழுகிறது. தமிழில் ‘கிறிஸ்துமஸ்’ என்று எழுதும்போது கிறிஸ்து முழுப்பெயரோடு திரும்பி வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் காதுக்கு மறைந்துபோனது தமிழில் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது. இந்தச் சொல்லை எவ்வளவு பொதுவாகப் புழங்கினாலும் தமிழில் அது மிக்கேல்மஸ் ஆகிவிடாது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

பெயர்களை ஓசையால் கொண்டுவருவதா, பொருளால் கொண்டுவருவதா என்பது தமிழில் பழைய கேள்வி. வீரமாமுனிவர் தேம்பாவணியில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையை ‘வளன்’ என்றும் யோவானைக் ‘கருணையன்’ என்றும் ஆக்கினார். அந்த வழியில் போனால் கிறிஸ்துமஸுக்கு ‘அருள்பொழிவு பெற்றவரின் திருப்பலி’ என்று வரும். பொருளில் குறை இல்லை, வாயில்தான் நிற்காது. ‘கிறிஸ்து பிறப்பு விழா’ என்பதே சரியான தமிழ். பேச்சில் கிறிஸ்துமஸ், நத்தார் இரண்டும் இருக்கட்டும்.

இனி எதிர்ப்பக்கத்துச் சொல்லைப் பார்ப்போம். ‘செக்குலர்’ என்பதன் வேர் இலத்தீன் ‘செக்குலும்’: ஒரு தலைமுறை, ஒரு யுகம், ஓடிக்கொண்டிருக்கும் இந்த உலகம். திருச்சபைக்குள்ளேயே இந்தச் சொல் உண்டு. துறவு மடங்களில் சேராமல் மக்கள் நடுவே பணி செய்யும் குருக்களை செக்குலர் குருக்கள் என்றுதான் அழைத்தார்கள். ‘செக்குலரிசம்’ என்ற கொள்கைப் பெயரை 1851இல் உண்டாக்கியவர் ஆங்கிலேய எழுத்தாளர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். தமிழில் ‘மதச்சார்பின்மை’ என்கிறோம். ஓர் அரசைப் பற்றிப் பேச அது சரியான சொல். அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாது. ஒரு விழாவைப் பற்றிப் பேச அது பொருந்தவில்லை. ‘மதச்சார்பற்ற கிறிஸ்துமஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், முன்சொல் பின்சொல்லை நெட்டித் தள்ளுகிறது. இந்த இடத்துக்கு நான் பயன்படுத்துவது ‘பொதுவிழா’. மதத்தை மறுக்கும் ஒலி அதில் இல்லை. வாசல் திறந்திருக்கிறது என்ற ஒலிதான்.

வாசலைத் திறப்பதற்குப் பதில் வீட்டையே காலி செய்த கதையும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் மதத்தோடு சேர்த்து மரத்தையும் விலக்கினார்கள். 1935இல் மரம் திரும்பி வந்தது, புத்தாண்டு மரமாக. உச்சியில் பெத்லகேம் விண்மீனின் இடத்தில் ஐந்து முனைச் சிவப்பு விண்மீன் ஏறியது. மரத்தை அவர்களால் விட முடியவில்லை, அதன் பெயரைத்தான் சொல்லவிடவில்லை.

அமெரிக்காவில் இது நீதிமன்றப் படியேறியது. அங்கே கிறிஸ்துமஸ் 1870 முதல் கூட்டரசு விடுமுறை. ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் என்ற நகரம், பொம்மைக் கலைமான்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு இவற்றுக்கு நடுவே குழந்தை இயேசுவின் குடிலையும் வைத்தது. 1984இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது செல்லும் என்றது. பிட்ஸ்பர்க்கில் நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் குடில் தனியாக இருந்தது. மேலே ஒரு வானதூதர், கையில் ‘உன்னதத்தில் இறைவனுக்கு மகிமை’ என்ற இலத்தீன் வரி. 1989இல் அதே உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இரண்டும் குடில்தான். கலைமான் பக்கத்தில் நின்றால் பொதுவிழா, வானதூதர் பக்கத்தில் நின்றால் சமய விழா.

முதல் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிளாக்மன் சொன்னதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. குடிலை வணிகத்துக்கு உதவும் ஒரு பருவகால அடையாளமாக இறக்கிவிட்டதால், அதன் பொருளைச் சொல்லக் கிறித்தவரும் கூசுகிறார்கள், மற்றவர்களும் தமக்கு அங்கே இடமில்லை என்று உணர்கிறார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். எல்லாருக்கும் பொதுவாக்கப் போய் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

அதனால் என் நிலையை ஒளிக்காமல் சொல்கிறேன். அரசு யாரையும் மண்டியிடச் சொல்லக்கூடாது; விடுமுறை எல்லாருக்கும் விடுமுறை. நம்பிக்கை இல்லாதவர் மரம் வைப்பதற்கும் பரிசு கொடுப்பதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்’ என்று சொல்ல ஞானஸ்நானம் தேவையில்லை. ஆனால் பெயரை எடுத்துவிட்டால்தான் எல்லாரும் வருவார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், வாழ்த்துகிறார். பந்தலில் இருக்கும் மணமக்கள் பெயரை அழித்தால்தான் வருவேன் என்று சொல்வதில்லை. வழிபாட்டைக் குறிக்கும்போது ‘கிறிஸ்து பிறப்புப் பெருவிழா’ என்று நிறைவாக எழுதுவோம். அந்த நாளின் பொது மகிழ்ச்சியைக் குறிக்கும்போது ‘கிறிஸ்துமஸ்’ என்று எழுதுவோம். ‘பருவகாலம்’, ‘விடுமுறைக்காலம்’ என்ற மூடுசொற்கள் தமிழுக்கு வேண்டாம்.

அந்த வாழ்த்து அட்டைக்கு வருகிறேன். நிறுவனத்தாருக்கு இரண்டு வரிகள் எழுதி அனுப்பினேன். நீங்கள் வாழ்த்துவது ஆண்டு முடிவை என்றால் ‘புத்தாண்டு வாழ்த்துகள்’ என்று போட்டு மரத்தையும் விண்மீனையும் எடுத்துவிடுங்கள். மரமும் விண்மீனும் இருக்க வேண்டும் என்றால் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், “படத்தை மாற்ற நேரமில்லை, பெயரைப் போட்டுவிடுங்கள்” என்று தகவல் வந்தது. அச்சாகி வந்த அட்டையில் விண்மீனுக்கு நேர் கீழே, ‘கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்’ என்று இருந்தது.