பைக்கில் பின்னால் உட்காருபவருக்கு என்ன விதி, என்ன உரிமை?

பைக்கில் ஓட்டுபவரோடு இன்னும் ஒரே ஒருவர்தான் போகலாம், அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால், வண்டியில் சரியாகப் பொருத்தப்பட்ட சீட்டில்தான் உட்கார வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 128ஆவது பிரிவு இது. குழந்தைக்கு என்று இதில் தனி விலக்கு கிடையாது. அப்பா ஓட்ட, அம்மா பின்னால், நடுவில் பையன், டேங்க் மேல் பாப்பா என்று காட்பாடியிலிருந்து ஸ்ரீபுரம் கோயிலுக்குப் போகிற குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமை எவ்வளவோ பார்க்கிறோம், சட்டத்தின் கண்ணில் அது நான்கு பேர். ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைப்பதும் தப்புதான். அபராதம் 1000 ரூபாய், லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் இடமிருக்கிறது.

ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலையிலிருந்தே இதைக் கண்டிப்பாக்கினார்கள், 2022 அக்டோபரிலிருந்து அபராதம் 1000 ரூபாய். பின்னால் இருப்பவர் போடாவிட்டாலும் ஓட்டியவர் மேல்தான் கேஸ். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், பட்டையை மாட்டியிருக்க வேண்டும், சும்மா தலையில் கவிழ்த்து வைத்தால் கணக்கில்லை. வேலூர் வெயிலுக்கு ஹெல்மெட் போட்டால் தலை வேகும், உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருக்கிற சத்துவாச்சாரிக்குப் போகவே லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஹைவே ஓரமாகத்தான் போகிறோம், தயவுசெய்து இன்னொரு ஹெல்மெட் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

4 வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு 2023 பிப்ரவரியிலிருந்து தனி விதி இருக்கிறது. குழந்தைக்குச் சட்டை மாதிரி ஒரு பெல்ட் மாட்டி, அதன் வாரை ஓட்டுபவர் தன் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும், 30 கிலோ வரை தாங்குவதாக இருக்க வேண்டும். 9 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் கூடப் போதும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

அப்புறம் வண்டி. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற சாரி கார்டு, இந்த மூன்றும் மத்திய விதி 123படி இருந்தே ஆக வேண்டும். அழகுக்காக சாரி கார்டைக் கழற்றிவிடுகிறார்கள், பழைய வண்டி வாங்கும்போது இடது பக்கம் குனிந்து பாருங்கள். துப்பட்டா நுனி ஸ்போக்ஸில் ஒரு சுற்று சுற்றினால் போதும், கழுத்தோடு இழுத்துவிடும். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம் மட்டும் வைத்திருப்பவர், ஓட்டக் கற்றுத்தரும் லைசென்ஸ்காரரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது.

இன்சூரன்ஸ்தான் பலருக்கும் தெரியாத இடம். நம் வண்டியால் அடிபடும் வெளியாளுக்கென எடுக்கிற வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்து, நம் வண்டி ஓட்டியவர் தப்பால் விபத்து நடந்தால், பின்னால் இருந்தவருக்கு அந்தப் பாலிசி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. இழப்பீட்டை வண்டிக்காரர் கையிலிருந்துதான் தர வேண்டிவரும். எதிரில் வந்த வண்டி மேல் தப்பு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கிற பேக்கேஜ் பாலிசி என்றால் பின்னால் இருப்பவரும் அதில் அடக்கம். கட்டாயமாகச் சேர்க்கிற 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஓட்டுகிற உரிமையாளருக்கு மட்டும்தான், மனைவிக்கோ தங்கைக்கோ அது வராது. அதனால் ரினியூவல் சமயத்தில் பிரீமியம் குறைகிறதே என்று தேர்ட் பார்ட்டியோடு நிறுத்தாமல், பின்னால் இருப்பவருக்கும் கவர் இருக்கிறதா என்று கேட்டு, பாலிசி தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் தமிழ்நாடு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்திருக்கிற தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும், ஓட்டியவருக்கும் பின்னால் இருந்தவருக்கும் ஒன்றுதான். ஆந்திராவின் சித்தூரிலிருந்து வந்தவர் தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டாலும் உண்டு. கொண்டுபோய்ச் சேர்ப்பவர் தன் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.