குறைந்த வாடகை நன்கொடை ஆகாது

ஏப்ரல் பிறந்தாலே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் அலுவலகத்தில் வருமான வரிப் பாரம் நிரப்ப வருவோர் கூடிவிடுவார்கள். அவர்களுள் ஒருவர், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கிய கடைவீட்டின் மாடியை, பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தும் ஒரு சங்கத்திற்கு மாதம் 300 ரிங்கிட்டுக்கு விட்டிருந்தார். வெளியாருக்கு விட்டால் 1,200 கிடைக்கும். "தம்பி, மாதம் 900 தருமம் செய்கிறேன், அதைக் கழித்துக் காட்டு" என்றார்.

அவ்வாறு கழிக்க இயலாது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு இத்தகைய சங்கங்களைப் பொறுத்தவரை ஏற்பது, வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்து, ரசீதும் பெற்ற நன்கொடையை மட்டுமே. அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். வாங்காமல் விட்ட வாடகை பணமாகக் கைமாறவில்லை. சங்கப் பதிவகத்தில் பதிவு பெற்றிருப்பது வேறு, இந்த அங்கீகாரம் வேறு என்பதையும் பலர் அறிவதில்லை. உண்மையில் பெரியவருக்குச் சலுகை ஏற்கெனவே கிடைத்துவிட்டது: கைக்கு வராத 900க்கு அவர் வரி கட்டுவதில்லை. முழு வாடகை வாங்கிக்கொண்டு 900ஐத் திருப்பி நன்கொடையாகக் கொடுத்தால் என்ன என்றும் கேட்டார். வாடகை முழுவதும் வருமானத்தில் சேரும், நன்கொடையோ 10 விழுக்காட்டு வரம்பில் நின்றுவிடும் என்பதால், அவருக்கு வரி கூடத்தான் செய்யும்.

அவர் கவனிக்காத இழப்பு வேறிடத்தில் இருந்தது. கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, தீக்காப்புறுதி ஆகியவை ஆண்டுக்கு 6,200 ரிங்கிட். வாடகை வரவு 3,600. பராமரிப்புச் சேவை எதுவும் தராமல் வெறுமனே வாடகைக்கு விடுவோரின் வருமானம், தொழில் வருமானமாக அல்லாமல், அதே சட்டத்தின் வாடகைக்கான 4(ஈ) பிரிவில் அடங்குவதால், மீதமுள்ள 2,600 ரிங்கிட் நட்டத்தைப் பிற வருமானத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. வாடகையே வாங்காவிட்டால் செலவு முழுவதும் வீண்தான். ஆகவே, அந்த 6,200 ரிங்கிட் செலவைத் தாண்டாதபடி மாதம் 516 ரிங்கிட் வரை வாங்கினாலும் வரி ஒரு காசும் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் 300ஐ மாற்றவில்லை. அது அவர் விருப்பம்.

ஒப்பந்தத்தைத்தான் எழுத வைத்தேன். ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த முத்திரை வரி விலக்கு 2025 தொடக்கத்தில் நீக்கப்பட்டதால், 300 ரிங்கிட் வாடகைக்கும் முழுத் தொகைமீது வரி உண்டு; ஓராண்டு ஒப்பந்தத்திற்கு அது 15 ரிங்கிட். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரையிடத் தவறினால் தண்டம் அதைவிடப் பெரிதாகிவிடும்.