கீழாநெல்லி குடிப்பதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

மஞ்சள் காமாலை என்று வருகிறவர்களில் பலர், கிளினிக் படியேறும் முன்பே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்திருப்பார்கள். கேட்டால் கூட வந்த அம்மாவோ அத்தையோ முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் குடுக்கலை சார்" என்பார். டாக்டர் திட்டுவார் என்ற பயம். தயவுசெய்து மறைக்காதீர்கள். என்ன குடித்தீர்கள், எத்தனை நாளாக என்று தெரிந்தால்தான் நோய் தொடங்கி எவ்வளவு நாளாகிறது என்று கணக்குப் போட முடியும்.

கீழாநெல்லியை அறிவியல் கண்டுகொள்ளவே இல்லை என்று சிலர் கோபப்படுவார்கள். உண்மையில் உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு சென்னையில்தான் நடந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதை வெளியிட்டார். பி வைரஸ் உடம்பிலேயே தங்கிவிட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்றுப் பொடி. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில், வைரஸ் இருப்பதைக் காட்டும் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்றுப் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி ஆனது. இன்றைக்கு நாங்கள் கொடுக்கும் மாத்திரைகள்கூட ஒரு மாதத்தில் இதைச் செய்வதில்லை. அதனால்தான் மற்றவர்களும் செய்து பார்க்க ஆசைப்பட்டார்கள். தாய்லாந்தில் செய்தார்கள், நியூசிலாந்தில் செய்தார்கள். அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, ஆதாரம் போதாது என்றது.

சென்னைச் செடி வேறு, தாய்லாந்துச் செடி வேறு என்று ஒரு வாதம் உண்டு. இருக்கலாம். ஆனால் மண்ணுக்கு மண் குணம் மாறுகிற மருந்தை எந்த அளவில் எழுதிக் கொடுப்பது?

சரி, அப்படியானால் "கீழாநெல்லியில்தான் பிழைச்சேன்" என்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நம் ஊரில் கெட்ட தண்ணீரால் வரும் காமாலைக்கு ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள்தான் முக்கியக் காரணம். வெறும் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அது தானாக இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பி வைரஸ்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடமிருந்து தானே விலகும். பெயர் செடிக்குப் போய்விடுகிறது.

இப்படித் தானாக இறங்காத காமாலைகளில்தான் ஆபத்து. எது எந்தக் காமாலை என்று பார்க்கத்தான் முதலில் ரத்தப் பரிசோதனை. மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். அது கல்லாகவும் இருக்கலாம், கணையத்தில் கட்டியாகவும் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் மூன்று வாரம் பத்தியம் இருந்தால், அறுவை செய்து எடுக்கக்கூடிய கட்டி அதற்குள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடக்கூடும். வயல் வேலைக்குப் போனவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதோடு காமாலை என்றால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஆன்டிபயாடிக் இருக்கிறது, தாமதித்தால் சிறுநீரகம் போகும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஈ வைரஸ் வந்தால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. காமாலைக்காரர் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், பேச்சு குழறுகிறது என்றால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

செடியே விஷமா என்றால், இல்லை. ஆய்வுகளில் பெரிய பக்கவிளைவு எதுவும் தெரியவில்லை. பிரச்சினை கடையில் விற்கும் பொடியில். தென்னிந்தியச் சந்தைகளில் வாங்கிய கீழாநெல்லியைச் சோதித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்திருந்தன. பல மூலிகைகள் கலந்து, பாக்கெட்டில் பெயர்கூட எழுதாமல் வரும் பொடியில் என்னென்ன இருக்கிறது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இந்தச் செடிக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணமும் ஓரளவு உண்டு என்பதால், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம். கண்ணில் சாறு பிழிவது, கையில் சூடு போடுவது இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள்.

பச்சைக் குழந்தைக்கு எந்தச் சாறும் வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் மாறாமல், மலமும் வெளுத்திருந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவையைக் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும்.

பி வைரஸ் நாள்பட்டுத் தங்கியவர்களுக்குப் பெரும்பாலும் காமாலையே வராது. ரத்த தானம் செய்யப் போனபோதோ பிரசவத்துக்கு முன் பார்த்தபோதோதான் தெரியவரும். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. தேவைப்படுகிறவர்களுக்கு டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வீட்டில் மற்றவர்களுக்குச் சோதித்துவிட்டுத் தடுப்பூசி போட வேண்டும். தாய்க்கு இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். அதோடு வைரஸை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற புரத ஊசியும் தேவை என்பதால், பிரசவத் தேதிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.