கடலோரத்துப் பட்டா நிலத்தில் வேலி அடைப்பதற்கு முன்

"பட்டா என் பேர்ல இருக்கு, நான் எப்படி வேணாலும் அடைப்பேன்." ராமநாதபுரம் கடற்கரையில் மனை வாங்கியவர்கள் அடிக்கடி சொல்வது இது. இதில் பாதி சரி. சொந்த நிலத்தைச் சுற்றி வேலி போட உரிமை உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை கடலை ஒட்டிய நிலங்களில் மூன்று கோடுகளைப் பார்த்துவிட்டுத்தான் கல்லுக்கால் ஊன்ற வேண்டும். ஒன்று உங்கள் நிலத்தின் அளவைக் கோடு. அடுத்தது பொதுப்பாதையின் ஓரம். மூன்றாவது, கடல் ஏறும் கோடு. உள்நாட்டுக் கிராமத்தில் முதல் இரண்டோடு வேலை முடிந்துவிடும். இங்கே தகராறு பெரும்பாலும் மூன்றாவதில்தான் வரும்.

முதலில் அளவை. பட்டாவில் பரப்பு மட்டும்தான் இருக்கும். எல்லை எப்படி ஓடுகிறது என்பது புலப்படத்தில், அதாவது எஃப்எம்பியில் இருக்கும். இரண்டையும் அரசின் இ-சேவை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். புலப்படத்தை எடுத்ததும் உங்கள் சர்வே எண்ணுக்குள்ளோ ஓரத்திலோ புள்ளிக்கோடுகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை எல்லாம் அப்படித்தான் குறிக்கப்பட்டிருக்கும். தரையில் இன்று பாதை தெரியவில்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது என்பதால் படத்தில் உள்ள பாதை இல்லாமல் போய்விடாது.

எல்லையில் சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டி சர்வேயரை அழைப்பதுதான் வழி. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் தகவல் போக வேண்டும். அவர்கள் முன்னால் அளந்தால் பின்னால் பேச்சு வராது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. புதர் தள்ள ஜேசிபி வரும்போது மூலையில் இருக்கும் சர்வே கல்லும் சேர்ந்து பெயர்ந்துவிடும். 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அந்தக் கல்லைக் காப்பது நில உரிமையாளரின் பொறுப்பு; வேண்டுமென்றே பிடுங்குவது குற்றம். ஆகவே வண்டி இறங்குவதற்கு முன்பே கல்லைச் சுற்றி நாலு கம்பு நட்டு, துணி கட்டிவிடுங்கள்.

வேலியின் கால், அடித்தளம், முள் எல்லாம் உங்கள் பக்கமே இருக்க வேண்டும். கோட்டின் மேலேயே போட நினைத்தால் பக்கத்துக்காரரோடு பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதேபோல உங்கள் நிலத்துக்குள் அடுத்தவர் வேலியை நகர்த்திப் போட்டிருந்தால் சும்மா விட்டுவிடாதீர்கள். 12 ஆண்டுகள் அப்படியே தொடர்ந்தால் அனுபவ பாத்தியம் (நெடுநாள் அனுபவித்ததால் நிலம் எனக்கே) என்ற வாதத்தை அவர் எடுக்க இடம் கிடைக்கும்.

இனி பாதை. ஊராட்சிப் பாதையின் மேல் வேலி, சுவர், படல் எதுவும் வைக்கக் கூடாது. புறம்போக்கில் அடைத்தால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை நோட்டீஸ் கொடுத்து அகற்றும். அந்தச் சட்டம் பாதைகளையும், கழிகளில் (கடல்நீர் உள்ளே புகும் ஓடைகளில்) கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே உள்ள தரையையும் அரசின் சொத்து என்றே சொல்கிறது. எனவே கழி ஓரத்தில் தண்ணீர் வடிந்து காய்ந்து கிடக்கும் இடத்தையும் சேர்த்து அடைப்பது செல்லாது.

புலப்படத்தில் இல்லாத பாதைகள்தான் சிக்கல். உங்கள் மனையின் ஓரமாக மீனவர்கள் தலைமுறையாகக் கடலுக்குப் போய்வருகிறார்கள் என்று வையுங்கள். கரைவலைக்காரர்கள் கயிறைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். 1882-ஆம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டப்படி ஒரு வழியை வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக 20 ஆண்டுகள் பயன்படுத்தியவர் அந்த உரிமையை நீதிமன்றத்தில் கேட்கலாம். ஊர் வழக்கத்தால் வரும் உரிமையையும் அதே சட்டம் ஏற்கிறது. மனை விற்ற தரகர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். பத்திரம் பதியும் முன் ஒரு விடியற்காலையில் போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள்; யார் எந்த வழியாகக் கடலுக்கு இறங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது கோட்டுக்கு அரசு ஏடுகளில் உயர் ஓதக் கோடு என்று பெயர். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் எல்லை அது. கண்ணால் பார்த்து முடிவு செய்வதல்ல. அதற்கென வரையப்பட்ட கடற்கரை மண்டல வரைபடத்தில் இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. மத்திய அரசின் 2011 அறிவிக்கைப்படி, கழி, ஆற்றுமுகம் போன்ற இடங்களில் 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இதில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கை இந்த 100-ஐ 50 ஆக்கியது. மாநிலத்தின் கடலோர மேலாண்மைத் திட்டம் புதிய அறிவிக்கைக்கு ஏற்பத் திருத்தி ஒப்புதல் பெறும் வரை பழையதே செல்லும். ஆகவே 2019-ஐக் காட்டி "இப்போ தளர்த்திட்டாங்க" என்று யாராவது சொன்னால், உங்கள் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு நம்புங்கள். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை போன்ற ஊர்களில் கடலிலிருந்து ஒரு கணக்கு, ஆற்றுமுகத்திலிருந்து ஒரு கணக்கு என இரண்டையும் பார்க்க வேண்டும்.

இந்த மண்டலத்தை வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஊராட்சிப் பகுதிகளில் பெரும்பாலும் வரும் மூன்றாம் வகை மண்டலத்தில், 2011 அறிவிக்கைப்படி கடலை ஒட்டிய முதல் 200 மீட்டரில் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி இல்லை. செங்கல், கான்கிரீட் வைத்து எழுப்பும் சுற்றுச்சுவர் கட்டுமானம்தான். "வெறும் காம்பவுண்ட் சுவர்தானே" என்ற சமாதானம் எடுபடாது. வேலிக்கு மட்டும் இடம் இருக்கிறது. கடற்கரை விடுதிகளுக்கான வழிகாட்டு நெறிகளில், தனியார் நிலத்தைச் சுற்றி உயிர்வேலியும் செடிகொடி படர்ந்த முள்கம்பி வேலியும் போடலாம், ஆனால் பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதை அது எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. இரண்டு விடுதிகளுக்கு இடையே கடலுக்குப் போக 20 மீட்டர் அகலமாவது விட வேண்டும் என்பதும் அதே நெறிகளில்தான் வருகிறது. மணல்மேட்டைச் சமன் செய்து வேலி போடுவதற்கும் தடை. அலையாத்தி, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் முதல் வகை மண்டலம். அங்கே எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

என்ன வேலி என்று கேட்டால், சட்டம் விரும்புவதும் உப்புக்காற்று விரும்புவதும் இங்கே ஒன்றுதான். மலிவான கம்பி சீக்கிரமே துருப்பிடித்து அறுந்துபோகும். கல்லுக்கால் நட்டு இடையில் கிளுவைப் போத்து ஊன்றினால் கம்பி போனாலும் வேலி நிற்கும். பனைமட்டை வேலி இன்னும் எளிது. ஆனால் எல்லையில் நிற்கும் பனையை வெட்டித்தான் கோட்டை நேராக்க வேண்டும் என்றால் நில்லுங்கள்: பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது. சீமைக்கருவேலத்தை வெட்டி முள்ளாக அடைக்கலாம். உயிர்வேலியாக வளர்க்க வேண்டாம்.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம், உயிர் போனால் மரணம் விளைவித்த குற்ற வழக்கு வரை போகும். சூரிய சக்தி மின்வேலியாக இருந்தாலும், காப்புக்காட்டை ஒட்டிய பகுதி என்றால் வனத்துறையில் பதிய வேண்டும். 2023-இல் அதற்கென விதிகள் வந்துவிட்டன.

சரி, அடைத்தது வேறொருவர், வழி போனது உங்களுக்கு என்றால்? விஏஓவிடமும் வட்டாட்சியரிடமும் சர்வே எண்ணோடு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேலிக்கு முன்னும் பின்னுமாகப் படம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். பொதுவழி அடைபட்டிருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) கோட்டாட்சியர் அதை அகற்ற உத்தரவிடலாம். கடலோர மண்டல விதிமீறல் என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்குத் தனியாக ஒரு மனு போட வேண்டும். தனி ஆளுக்குரிய நடைவழி உரிமை மட்டும் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டிய விஷயம். அங்கே ஒரு கெடு இருக்கிறது: நீங்கள் சொல்லும் 20 ஆண்டு அனுபவம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். வழி அடைபட்டதைப் பார்த்தும் மூன்று, நான்கு வருஷம் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டே இருந்தால் வழக்குப் பலவீனமாகிவிடும்.