நாட்டுப்புறவியலா, நாட்டார் வழக்காறா?

"சுடலைமாடன் கொடைகளில் நாட்டுப்புறவியலைச் சேகரித்தேன்" என்று பாளையங்கோட்டைக் கருத்தரங்கு ஒன்றில் ஒரு மாணவி வாசித்தார். கொடை என்பது நெல்லைப் பக்கம் சுடலைமாடன் போன்ற சாமிகளுக்கு எடுக்கிற வழிபாடு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஃபோக்லோர் என்று கண்ட இடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஃபோக்லோர், வில்லியம் தாம்ஸ் 1846இல் இங்கிலாந்தில் உருவாக்கிய சொல். ஃபோக் என்றால் மக்கள். லோர் என்றால் வழிவழியாக வந்த அறிவு. சரி, நம் சொல்லுக்கு வருவோம்.

நாட்டுப்புறம் என்பது இடம். ஃபோக் என்பது ஆட்கள். எனக்குத் தெரிந்த வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர் நெல்லை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஊசி போட்டுக் கூட்டி வருகிறவர்கள், வீட்டு வாசலில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்ட பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். இதெல்லாம் நட்டநடு நகரத்தில் நடக்கிறது. இதில் நாட்டுப்புறம் எங்கே இருக்கிறது?

இதைவிடப் பெரிய கோளாறு ‘இயல்’. இயல் என்பது படிப்பு. செடியைப் பறிக்கலாம், தாவரவியலைப் பறிக்க முடியாது. ஃபோக்லோர் என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் சரக்கையும் குறிக்கும், அதைப் படிக்கிற துறையையும் குறிக்கும். தமிழில் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியிருக்க, நாமே ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்?

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இந்தத் துறைக்கு நாட்டார் வழக்காற்றியல் என்றுதான் பெயர். வழக்கு, ஆறு இரண்டும் சேர்ந்தது வழக்காறு. ஆறு என்றால் வழி. தொல்காப்பியப் பாயிரமே "வழக்கும் செய்யுளும்" என்று வழக்கை முன்னால் வைக்கிறது. பாட்டு, கதை, சடங்கு, கைமருந்து எல்லாம் வழக்காறு. அவற்றைப் படிப்பது வழக்காற்றியல். இவ்வளவு தெளிவாக ஒரு சொல் கையில் இருக்கிறது.

நாட்டார் என்பது தஞ்சைப் பக்கம் பட்டப்பெயர், சோழர் கல்வெட்டில் நாட்டுச் சபையார் என்று மறுப்பார்கள். உண்மைதான். ஆனால் வழக்காறு பின்னால் வந்து நின்றதும் அந்தப் பொருளெல்லாம் விலகி, மக்கள் என்பது மட்டும் நிற்கிறது. சொல் நீளம் என்கிற குறையை ஒப்புக்கொள்கிறேன். நீளத்துக்குப் பயந்து தப்பாகச் சொல்வதா?

கூட்டம் முடிந்ததும் அந்த மாணவி வந்து, எப்படி எழுதுவது என்று கேட்டார். "வழக்காறுகளைச் சேகரித்தேன்னு எழுதும்மா" என்றேன். அங்கேயே அடித்துத் திருத்தினார். அப்புறம் தாளைப் புரட்டி, மொழிபெயர்த்துக் கொடுத்தவர் கொடையைத் ‘திருவிழா’ ஆக்கியிருந்த இடத்தைக் காட்டினார்.

"கொடையைக் கொடைன்னே விட்டுரும்மா."