எலி முகம் கழுவும் வரிசையும் மூளையின் பிரேக்கும்

எலி முகம் கழுவுவதை உற்றுப் பாருங்கள். முதலில் இரண்டு முன்னங்கால்களாலும் மூக்கைச் சுற்றி ஐந்து முதல் ஒன்பது விரைவான சுழற்சிகள். அடுத்து மீசையோரம் ஒற்றைக் காலால் சின்னச் சின்ன வருடல்கள். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து மூக்கு வரை இரு கால்களாலும் நீளமாக வழிக்கும். கடைசியில் தலையைத் திருப்பி உடம்பை நக்கும். முதல் கட்டம் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் இதே வரிசையில் நான்காவது வரை ஓடி முடிகிறது.

மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இருக்கிறது. அதன் முன்புற மேல்வெளி ஓரத்தில் ஒரு சிறு இடம் சிதைந்தால் என்ன ஆகும் என்று 1996இல் ஆய்வாளர்கள் கிராம்வெல், பெரிட்ஜ் இருவரும் காட்டினார்கள். எலி சுழற்றுகிறது, வருடுகிறது, நக்குகிறது. ஒவ்வொரு அசைவும் சரியாகவே வருகிறது. வரிசைதான் பாதியில் அறுந்துபோகிறது. அசைவு வேறு, அசைவுகளின் கோவை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்ட்ரையேட்டம் எப்படி வேலை செய்கிறது? அதை அடுத்துள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியின் உட்பகுதி, அசைவுச் சைகைகளைக் கடத்தும் நிலையமான தாலமஸை ஓயாமல் அடக்கியபடி இருக்கிறது: எப்போதும் மிதித்தே வைத்திருக்கும் பிரேக். மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து சைகை வந்ததும், ஸ்ட்ரையேட்டத்திலிருந்து கிளம்பும் இரு நரம்புப் பாதைகளில் ஒன்றான நேரடிப் பாதை அந்தப் பிரேக்கையே அடக்குகிறது. வேண்டிய அசைவு விடுபடுகிறது. மறைமுகப் பாதை மற்ற அசைவுகள் மீது பிரேக்கை இறுக்குகிறது. டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் முதல் பாதையைத் தூண்டி, இரண்டாவதைத் தணிக்கிறது.

2010இல் ஆய்வாளர்கள் ஜின், கோஸ்டா இருவரும் சுண்டெலிகளுக்கு நெம்புகோலை எட்டு முறை அழுத்தப் பழக்கினார்கள். பழகப் பழக, ஸ்ட்ரையேட்டத்தின் சில நியூரான்கள் (நரம்புச் செல்கள்) வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன. எட்டு அழுத்தங்களும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டன.

பார்க்கின்சன் நோயில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிகின்றன. தசையில் வலு இருக்கும், ஆனால் சட்டைப் பொத்தானைப் பிடித்து, துளையைத் தேடி, நுழைத்து, மறுபக்கம் இழுப்பது என்ற கோவை நடுவில் நின்றுவிடும். எழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் உறையும்.

அப்படி உறைபவருக்குத் தரையில் ஒரு காலடி எடுத்துவைக்கும் தூர இடைவெளியில் பளிச்சென்ற பட்டைகளை ஒட்டிப் பாருங்கள். பலருக்கு நடை திரும்புகிறது. கண் தரும் குறிப்பு, பழுதான உள்சைகையின் இடத்தை நிரப்புகிறது. பட்டைகள் பாதைக்குக் குறுக்கே இருக்க வேண்டும்; நடக்கும் திசையில் நீளவாக்கில் ஒட்டினால் அந்தப் பலன் கிடைக்காது.